குடும்பத்தோடு காட்டு அருவிக்கு நடை: முதல் தடவை போகிறவர்களுக்கு

அருவி என்றாலே பலருக்குக் காரை நிறுத்திவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிக் குளிக்கிற இடம்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வேறு வகை. காட்டுப் பாதையில் ஒன்றிரண்டு மணி நேரம் நடந்துபோய், அருவியைப் பார்த்து, முடிந்தால் குளித்து, அதே வழியில் திரும்ப வேண்டும். அதிலும் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மாவும் கூட வருவார்கள். கல்லூரிப் பையன்கள் எழுதும் மலையேற்றக் குறிப்புகள் இதற்கு உதவாது. அவர்கள் எவ்வளவு தூரம் ஏறினோம் என்று கணக்குப் பார்ப்பார்கள். நமக்கு, எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே வண்டிக்குத் திரும்புவோமா என்பதுதான் கணக்கு.

முதல் வேலை: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

எந்த அருவி அழகு என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். அவரால் போய்வர முடிந்த தூரம்தான் எல்லோருக்கும் எல்லை. ஊருக்குள் ஒரு கிலோமீட்டரைக் கால் மணி நேரத்தில் நடந்துவிடுகிற குழந்தைக்குக் கல்லும் வேருமாக ஏறுகிற பாதையில் அதே தூரத்துக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நின்று பூச்சி பார்க்கிற நேரம் தனி. முதல் பயணத்துக்குப் போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்.

நல்ல தொடக்கம் என்று நான் சொல்வது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் திருமூர்த்தி மலையில் இருக்கும் பஞ்சலிங்க அருவி. அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் ஏற்றம். பாதை தெளிவாக இருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும். பாதியில் பிள்ளை அடம்பிடித்தால் திரும்பி வருவதும் சுலபம். கோவைக் குற்றாலம் இதைவிடவும் எளிது. சாடிவயலில் டிக்கெட் வாங்கினால் வனத்துறை வண்டியிலேயே பெரும்பகுதி போய்விடலாம், மீதிதான் நடை. தென்காசிப் பக்கத்துக் குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே இருக்கும் செண்பகாதேவி அருவி அடுத்த படி. இரண்டு கிலோமீட்டர் சொச்சம் காட்டுப் பாதை, அருவிக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில். அதற்கும் மேலே இருக்கிற தேனருவி குடும்ப நடைக்கு ஆகாது. பெயருக்கு ஏற்றபடி பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும் இடம் அது.

கொல்லிமலை ஆகாய கங்கையைப் பலரும் 'படிக்கட்டுதானே, சுலபம்' என்று நினைத்துப் போகிறார்கள். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பார்க்க வேண்டிய அருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே கணக்கு தலைகீழ். மற்ற இடங்களில் தெம்பாக இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதலில் இறங்கிவிட்டு, குளித்துக் களைத்து, ஈரத் துணியோடு பசியில் ஏற வேண்டும். இறங்கும்போது துள்ளிக் குதித்த பிள்ளையை ஏறும்போது தூக்க வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ளவர்களைக் கீழே கூட்டிப்போகாதீர்கள். படி தொடங்குவது அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டித்தான். தாத்தாவும் பாட்டியும் கோயிலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். யாராவது ஒருவர் கூட இருக்கட்டும்.

இன்னொன்று, காட்டை அடைவதற்கு முன் மலைச்சாலை இருக்கிறது. கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியிலேயே வாந்தியெடுத்துச் சோர்ந்த குழந்தை நடக்காது. கிளம்பும்போது எண்ணெய்ப் பண்டம் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வளைவுகளில் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தூக்கம் வரவைக்கும் மாத்திரையாக இருந்தால் நடைக்குத் தொந்தரவு.

அனுமதி

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 'உள்ளூர்க்காரர் ஒருத்தர் குறுக்குவழி காட்டுவார்' என்று யாராவது சொன்னால் குழந்தைகளோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உங்களுக்கானது எளிது மட்டும். வழிகாட்டி கூட வருவார், பெரும்பாலும் அந்த மலையைச் சேர்ந்தவராகவே இருப்பார். எத்தனை வயதுக் குழந்தையைக் கூட்டிவரலாம் என்ற விதியைப் பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே முழுப்பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கோவைக் குற்றாலம், கும்பக்கரை மாதிரி நுழைவுச்சீட்டு அருவிகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஆனால் கிளம்பும் நாள் காலையில் 'இன்று திறந்திருக்கிறதா, குளிக்க விடுகிறார்களா' என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். யானை நின்றாலும் மூடுவார்கள், வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள். மூடியிருந்தால் காவலரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு அணையோ கோயிலோ மாற்றுத் திட்டமாக இருக்கட்டும்.

எப்போது போவது

மேற்குத்தொடர்ச்சி மலை அருவிகளுக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. கொல்லிமலை, ஏற்காடு, ஏலகிரி மாதிரிக் கிழக்குப் பக்க மலைகளுக்கு அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. மழை கொட்டுகிற வாரத்தில் போகக் கூடாது, மழையே இல்லாத மாதத்தில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். ஏற்காடு கிளியூர் அருவி இதற்கு நல்ல உதாரணம். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, வெயில் காலத்தில் போனால் ஏமாற்றம். மழை ஓய்ந்து சில நாள் கழித்துப் போவதுதான் குடும்பத்துக்குச் சரி. தண்ணீர் தெளிந்திருக்கும், வேகமும் தணிந்திருக்கும்.

வானிலை பார்க்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, அருவி இருக்கும் ஊரின் மழையை மட்டும் பார்ப்பது. தண்ணீர் அங்கிருந்து வருவதில்லை. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள கும்பக்கரைக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து, வட்டக்கானல், வெள்ளகவி பக்கமிருந்து இறங்குகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை அருவிக்கு வந்து சேர்ந்துவிடும். திருமூர்த்தி மலையிலும் இதே கதைதான், மேலே மழை வலுத்தால் அடிவாரக் கோயிலையே வெள்ளம் சூழ்ந்துவிடுவது உண்டு. அதனால் அருவிக்கு மேலே எந்த மலை இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே முந்தின நாளும் அன்றும் மழை உண்டா என்று பாருங்கள். மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்திருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நாளில் எந்த நேரம் என்றால், காலை. ஏழு, எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள், அல்லது நுழைவாயில் திறந்தவுடன். மலையில் மதியத்துக்குப் பிறகு மேகம் கூடி இடிமழை வருவது சகஜம். மாலையில் விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும். மூன்று மணிக்கெல்லாம் வண்டிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால் அருவி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகளிடம் இதைக் கிளம்பும்போதே சொல்லிவிட்டால் அங்கே அழுகை குறையும்.

பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். சீக்கிரம் காயும் முழுக்கால் உடையும் முழுக்கைச் சட்டையும் போதும். சேலையும் நீளமான துப்பட்டாவும் ஏற்றத்தில் காலைத் தடுக்கும். ஹவாய் செருப்பு கண்டிப்பாகக் கூடாது. அடிப்பகுதியில் நல்ல வெட்டு உள்ள ஷூ அல்லது பின்பக்கம் பட்டை வைத்த சாண்டல் போடலாம். புது ஷூவாக இருந்தால் ஒரு வாரம் வீட்டருகே போட்டு நடந்து பழகட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், மதியத்துக்குப் புளியோதரை. தயிர் சாதம் வெக்கையில் புளித்துவிடும். எல்லாம் எவர்சில்வர் டப்பாவிலும் மஞ்சப்பையிலும் இருக்கட்டும். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. சோதனைச் சாவடியில் பையைக் கிளறிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை சரசரக்கிற சத்தத்துக்குக் குரங்குகள் எங்கிருந்தாலும் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். குரங்கு பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும்.

அப்புறம் மாற்றுத்துணி, துண்டு, மழைக்கோட்டு, சிறிய டார்ச், பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாதையில்

பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் விட்டால் வேகம் தானாகச் சரியாகிவிடும். அவரைக் கடைசியில் விட்டால் மற்றவர்கள் காத்திருந்து இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள். பாவம், அவருக்கு மட்டும் ஓய்வே இருக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று இரண்டு மடக்குத் தண்ணீர்.

குழந்தைகளுக்கு 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்வி பத்து நிமிடத்தில் வந்துவிடும். தூரத்தைச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். மேற்குமலைக் காடுகளில் அண்ணாந்து பார்த்தால் மலையணில் தென்படலாம். வாலோடு சேர்த்து ஒரு முழத்துக்கும் மேல் நீளம், மரத்துக்கு மரம் தாவும். பெரிய இறக்கைகள் காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் இருவாச்சியாக இருக்கலாம். சில்வண்டு கத்துவது எந்த மரத்தில் என்று தேடச் சொல்லுங்கள், கிட்டே போனதும் நின்றுவிடும். இப்படி அரை மணி நேரம் ஓடிவிடும். கண்ட இலையையும் தொடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. காஞ்சொறி பட்டால் எரிச்சலும் நமைச்சலும் அன்றைய நாளைக் கெடுத்துவிடும்.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையைத் தோளில் உட்காரவைத்து நடக்காதீர்கள். வழுக்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள், அதுவும் உயரத்திலிருந்து. முதுகோடோ நெஞ்சோடோ கட்டிக்கொள்ளும் தூக்குப்பை இருந்தால் உங்கள் இரண்டு கையும் விடுபடும்.

மழைக்காலத்தில் அட்டை இருக்கும். நம் ஆட்கள் யானையைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கால்சட்டையின் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கடித்தால் பிய்த்து எடுக்காமல், நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுங்கள், உப்புத் தடவினாலும் விழுந்துவிடும். அது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

யானையின் புதுச் சாணமோ முறிந்த பச்சைக் கிளையோ கண்ணில் பட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, வழிகாட்டி சொல்கிறபடி வந்த வழியே திரும்புங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையோ காலோ அசையாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிக்னல் கிடைத்த இடத்தில் 108.

தண்ணீரில்

இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து காட்டில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். காட்டாற்று வெள்ளம் மெல்ல ஏறாது, சில நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் முன்னறிவிப்பு கொடுக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் குச்சியும் மிதந்து வரும். அருவியின் இரைச்சல் கனக்கும். சற்று முன் வெளியே தெரிந்த கல் மறையும். இதில் ஒன்றைக் கண்டாலும், காவலர் விசில் ஊதினாலும், பை, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும். குளிக்கும்போது ஒருவர் கரையில் நின்று மேல்பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அருவி விழுகிற இடத்தில் பாறையைக் குடைந்து கசம், அதாவது ஆழமான பள்ளம், உண்டாகியிருக்கும். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குடைவில் விழுந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. எல்லா அருவிக்கும் அப்படி ஒரு தடுப்பு கிடையாது. வெள்ளையாக நுரைக்கும் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் அது ஆளை மிதக்கவிடாது. கிணற்றில் நன்றாக நீந்துகிறவரும் இங்கே முழுகிப்போவதற்கு அதுதான் காரணம். மேலிருந்து குதிக்கவே கூடாது. பிள்ளைகளுக்கு, பெரியவரின் முழங்காலைத் தாண்டாத, ஓட்டமில்லாத தண்ணீர் மட்டும். அதிலும் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், ஈர விரல் நழுவிவிடும்.

நேராக விழும் தாரைக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம், கல்லும் கட்டையும் சேர்ந்து விழும். ஓரமாக நில்லுங்கள். குளிர்ந்த நீர் ஒரேயடியாகத் தலையில் விழுவது இதயநோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு நல்லதில்லை. காலை நனைத்து, கையை நனைத்து, மெல்லப் பழகட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஆசை நமக்கு உண்டு, ஆனால் பாசிப் பாறையில் எண்ணெயும் சேர்ந்தால் அடுத்து வருகிறவர் விழுவார். சோப்பும் ஷாம்பும் கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊருக்கும் மீனுக்கும் போகும். குற்றாலத்தில் இவை தடைசெய்யப்பட்டவை. மது குடித்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் பிள்ளைகளோடு தள்ளி வந்துவிடுங்கள்.

செல்ஃபிக்காக வழுக்குப் பாறையில் ஏறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கம்பித் தடுப்பு போட்டிருந்தால், அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

குளித்ததும் உலர்ந்த துணிக்கு மாறி, ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் நடக்க வேண்டும். களைப்பில் கால் இடறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். பிள்ளைகள் ஓடி இறங்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். வழியில் ஓடையைக் கடந்து வந்திருந்தால் திரும்பும்போது மட்டத்தைப் பாருங்கள். போகும்போது கணுக்கால் அளவு இருந்தது முழங்காலுக்கு ஏறி வேகமாக ஓடினால் கடக்க வேண்டாம். பெரியவருக்கு முழங்கால் என்றால் பிள்ளைக்கு இடுப்பு. மேட்டில் உட்கார்ந்து காத்திருங்கள். மழை நின்றால் காட்டோடை சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வண்டிக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கு, முட்டிக்குப் பின்புறம், இடுப்புப் பட்டை, காதுமடல் எல்லாம் ஒருமுறை பாருங்கள், அட்டையோ உண்ணியோ ஒட்டியிருக்கலாம். மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவரும் உங்களோடு நடந்திருந்தால், அவருக்கு அரை மணி நேரம் ஓய்வும் ஒரு டீயும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யாருக்காவது விடாத காய்ச்சல், தலைவலி, கடும் உடல்வலி வந்தால், காட்டுக்குப் போய்வந்ததையும் ஓடையில் குளித்ததையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். புதர்களில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ், அசுத்த நீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் இரண்டும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் இருந்தால் குழந்தைக்கே தெரியாது, குளிப்பாட்டும்போது தேடிப் பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் இரண்டுக்கும் எளிதில் கிடைக்கும் மாத்திரைகளே போதும்.